சோபாவின் மறுமுனை

அந்த நாடக அரங்கில் விளக்கு அணைந்த பிறகுதான் ஆந்தைக்கு வேலை. ஒரு காட்சி முடிந்து மேடை இருண்டதும் சபையில் இருப்பவர்கள் அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலை இருமித் தீர்ப்பார்கள், மிட்டாய்த் தாளைப் பிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது முணுமுணுப்பார்கள். அந்தச் சின்ன இடைவெளிக்குள் மேடையிலிருந்த படுக்கையறை போய் வரவேற்பறை வந்துவிட வேண்டும். கட்டில் வெளியேற வேண்டும், சோபா உள்ளே வர வேண்டும். டார்ச் கூடாது, பேச்சு கூடாது, காலடிச் சத்தம் கூடவே கூடாது.

இருபத்தைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தவருக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஆந்தைதான். இருட்டில் அவருக்குக் கண் தெரியும் என்று புதிதாக வரும் நடிகர்கள் நம்பினார்கள். உண்மையில் அவர் கண்ணை மூடிக்கொண்டே நடப்பார். "திறந்து வச்சா எதையாவது பார்க்கலாம்னு ஆசை வரும். அதுலதான் தடுமாறுவாங்க" என்பார்.

அவருடைய மனைவி அதே அரங்கில் உடை தைப்பவள். மேடைக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் அவளும், ஒரு தையல் மிஷினும், இஸ்திரிப் பெட்டியும், யாருடைய அளவுக்கும் சரியாகப் பொருந்தாத அரச உடைகளும் குடியிருந்தார்கள். கல்யாணமான புதிதில் யாராவது கிண்டல் செய்தால் அவர் சொல்வார்: "நான் பொண்ணை வெளிச்சத்துல பார்க்கவே இல்லைங்க. இருட்டுல வந்து மோதுனா. சரி, திடமாத்தான் இருக்கான்னு முடிவு பண்ணிட்டேன்." அவள் அப்போது வாயில் குண்டூசி வைத்திருந்தால் முறைப்பதோடு சரி. குண்டூசி இல்லாவிட்டால் பதில் வரும்.

சோபாவை எப்போதும் இருவர் தூக்குவார்கள். முன்முனை ஆந்தைக்கு. பின்முனை ஒட்டகத்துக்கு. ஒட்டகம் என்பது கூட்டாளியின் பெயர். அவ்வளவு உயரம், அவ்வளவு நீளக் கழுத்து. ஆந்தையை "அண்ணே" என்றும் அவளை "அண்ணி" என்றும் கூப்பிடுவான். அவன் நடையில் ஒரு அதிசயம் உண்டு. அத்தனை பெரிய உடம்பு பஞ்சில் கால் வைப்பதுபோல் நடக்கும். அவன் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒரு சின்ன அதிர்வுகூட வராது. நல்ல மேடை ஆளுக்கு அதுதான் அடையாளம் என்று ஆந்தையே அவனுக்குப் பழக்கியிருந்தார்.

அந்த வருடம் ஓடிக்கொண்டிருந்த நாடகத்தில் அந்த சோபாவுக்குப் பெரிய பொறுப்பு. விளக்கு மெல்ல ஏறும்போது கதாநாயகி திரும்பிப் பார்க்காமல் அப்படியே பின்பக்கமாகச் சரிந்து அதில் விழுவாள். சோபா அங்கே இருந்தால் சபை பெருமூச்சு விடும். ஒரு கை அகலம் தள்ளியிருந்தால் அவள் தரையில் விழுவாள். தரையில் மினுங்கும் நாடா ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம்தான். ஆனால் மாடி இருக்கையிலிருந்து பார்த்தால் மின்மினி உட்கார்ந்த மாதிரித் தெரிகிறது என்று இயக்குநர் அதைப் பிய்த்தெறியச் சொல்லிவிட்டார். "ஆந்தை இருக்கும்போது நாடா எதுக்கு?" என்றார். ஆந்தைக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வாந்தி எடுத்தார். வீடு சுற்றுகிறது, பிடித்துக்கொள் என்று தரையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். பின்மண்டையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாகவும், சிறுமூளையில் ஒரு பகுதி அடிபட்டுவிட்டதாகவும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிழைத்து வீடு வந்தார். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் இழுத்தது. நடைதான் போய்விட்டது. கால்களை அகட்டி வைத்து, சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் படகில் போகிறவரைப்போல் நடந்தார். எதிர்க்கடைக்காரர் முதல்முறை பார்த்தபோது, "என்னப்பா, காலையிலேயேவா?" என்று கேட்டார்.

"ஓசியில கெடைச்சுது. விடுவேனா?" என்றார் ஆந்தை.

அவள்தான் வீட்டுக்குள் வந்து அழுதாள். பிறகு அந்தக் கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினாள். பிறகு வேறு கடை தூரம் என்பதால் மறுபடியும் வாங்கினாள்.

நாளாக ஆகப் பகலில் நடை தேறியது. பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால் தெருமுனை வரை போய்வர முடிந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்த நேரத்தில்தான் குளியலறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"இந்தா! கதவு எங்க போச்சு?"

வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். முகமெல்லாம் சோப்பு நுரை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் குளியலறை ஒருவர் கை நீட்டினால் மறு சுவர் இடிக்கும் அளவுதான்.

"துண்டு கேட்டேன்" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. துண்டு கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் சாயங்காலம் மின்சாரம் போனது. மழை மூட்டம், ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவள் மெழுகுவத்தி தேடிக் கொளுத்திக்கொண்டு வந்தபோது அவர் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னி வெடித்து வீடு பற்றியதுபோல் ஒரு பயம் அந்த முகத்தில்.

"நான் எங்க இருக்கேன்?"

"நம்ம வீட்லதாங்க."

"அது தெரியுதுடி. வீட்ல எங்க?"

அன்றிலிருந்து அவள் மனதுக்குள் ஒரு புழு குடைந்தது. அவளுடைய பெரியம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டவள். இவருக்கும் மறதிதான் வருகிறது, இன்று கதவு, நாளை நான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "நேத்து என்ன குழம்பு வச்சேன்?", "நம்ம கல்யாணத்துக்கு உங்க சித்தப்பா என்ன சண்டை போட்டாரு?" என்று போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். நாலாம் நாள் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பரீட்சையில பாஸா, ஃபெயிலா? அதைச் சொல்லு முதல்ல."

அவள் ரசக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவர் சங்கடத்தோடு அவள் முதுகைத் தட்டப் பார்த்தார். கை குறி தவறிக் காதில் பட்டது. "பாரு, ஆறுதல் சொல்லக்கூட லாயக்கில்ல" என்றார்.

டாக்டர் இளம்பெண். மனைவி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். ஆந்தையை எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூடிக் கொஞ்சம் நடக்கச் சொல்லி, திரும்பி வந்து நாற்காலியைக் காட்டச் சொன்னார். ஆந்தை கம்பீரமாகக் கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார்.

"உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றார் டாக்டர். "அம்மா, நீங்க முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. மூளையில ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு. கடல்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும், அந்த அர்த்தத்துல வச்ச பேருதான் அது. நடந்ததை நினைவுல சேர்க்கிறதும் அதுதான், நாம எங்க நிக்கிறோம்னு உள்ளுக்குள்ள ஒரு படம் போட்டு வைக்கிறதும் அதுதான். உங்களுக்கு அது நல்லா இருக்கு."

"அப்ப கதவு ஏன் தெரியல?"

"படம் போடறவருக்குச் சேதி வரணும் இல்லையா? வெளிச்சத்துல கண்ணு சேதி சொல்லும். இருட்டுல? கால் எவ்வளவு தூரம் வச்சோம், உடம்பு எந்தப் பக்கம் திரும்புச்சுங்கிற சேதிதான் மிச்சம். அந்தச் சேதியைத் திருத்திச் சரியா அனுப்புற வேலையில சிறுமூளைக்குப் பங்கு இருக்கு. ரொம்ப காலமா சிறுமூளைன்னா நடைக்கும் நிதானத்துக்கும் மட்டும்தான்னு நினைச்சாங்க. இது தனி வீடு, அது தனி வீடுன்னு. இப்பதான் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல போக்குவரத்து இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. சிறுமூளையில ஒரு குறை இருக்கிற சுண்டெலிங்களைப் பார்த்திருக்காங்க. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அதுங்களுக்கு இடம் நல்லா தெரியுது. விளக்கை அணைச்சா அந்த உள்படம் கலைஞ்சு போகுது."

ஆந்தை தன் பின்மண்டையைத் தடவிப் பார்த்தார்.

"எனக்குச் சின்ன மூளைன்னு எங்க மாமியார் அன்னிக்கே சொன்னாங்க. குதிரை வேற இருக்குன்னு அவங்களுக்கும் தெரியாது."

டாக்டர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். ஆந்தை மட்டும் சிரிக்கவில்லை.

"இது சரியாகுமா டாக்டர்? எனக்கு இருட்டுலதான் வேலை."

"கொஞ்சம் தேறும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. ஆனா ஒண்ணு. சிறுமூளை செய்யாத வேலையை வேற வழியில செய்ய வைக்கலாம். சுவத்துல ஒரு விரலைத் தொட்டுக்கிட்டு நின்னாலே பல பேருக்குத் தள்ளாட்டம் குறையும். அந்த விரல் உடம்பைத் தாங்குறதில்ல. சேதி சொல்லுது, அவ்வளவுதான்."

வரும் வழியில் பேருந்தில் அவர் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார்: "மறதி வந்திருந்தாகூடப் பரவாயில்ல. மேடையில எது எது எங்கன்னு இப்பவும் என் கண்ணுக்குள்ள இருக்கு. நான் எங்கன்னுதான் தெரியல."

மேடை மேலாளர் அறுபதை நெருங்கும் அம்மா. கையில் எப்போதும் நேரம் பார்க்கும் கருவி இருக்கும். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கடிகாரம். அவர் கெட்டவர் இல்லை. ஆந்தை திரும்பி வந்து முன்முனையைக் கேட்டபோது, "ஒத்திகை மேடையில ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க. உங்களுக்காக இல்ல, அந்தப் பொண்ணு முதுகுக்காக" என்றார். செய்ய முடியாவிட்டால் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை இருக்கிறது, சம்பளம் குறையாது என்றும் சொன்னார்.

"வாசல்லயா? வெளிச்சத்துலயா?" என்றார் ஆந்தை. நாடு கடத்துகிறேன் என்று சொன்னதுபோல் கேட்டார்.

ஒத்திகை நாளில் அவள் உடை அறையிலிருந்து வந்து பக்கத் திரையோரம் நின்றாள். விளக்கு அணைந்தது. ஒட்டகமும் அவரும் சோபாவைத் தூக்கினார்கள். ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியே அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது. விளக்கு வந்தபோது சோபா மிகச் சரியான இடத்தில் இருந்தது. ஆந்தை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் அதன் விளிம்பைப் பிடித்தபடி, எங்கோ பார்த்து நின்றிருந்தார்.

"நல்லாதானே வந்துச்சு அண்ணே!" என்றான் ஒட்டகம். அவன் நெற்றி முழுக்க வியர்வை.

"நல்லா வந்துச்சு. நீ சோபாவைத் தூக்கிட்டு வந்தே. என்னையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்தே." அவர் மேலாளரைப் பார்த்தார். "மேடம், எனக்கு ஒண்ணுமே தெரியல. கிணத்துக்குள்ள மிதந்த மாதிரி இருந்துச்சு. இவன் இல்லாம வேற யாராச்சும் பின்னாடி இருந்தா அந்தப் பொண்ணு இடுப்பு போயிருக்கும்."

பொய் சொல்லியிருக்கலாம். ஒட்டகம் காட்டிக்கொடுத்திருக்க மாட்டான். அன்றிரவு அவள் அதைச் சொன்னபோது, "உன் மிஷின் நூல் விட்டா நீ தச்சதாச் சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர் வாசலில் டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார். கை நடுங்கிச் சில டிக்கெட்டுகள் கோணலாகக் கிழிந்தன. வந்தவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். காட்சி தொடங்கியதும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தும் அவர் போகவில்லை. வாசலிலேயே, குழல்விளக்கின் நேர் கீழே, யாருக்கும் காத்திருக்காதவர்போல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஜோக் குறைந்தது. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் தள்ளாடுவது பழகிவிட்டது, சும்மா இருப்பது பழகவில்லை.

வீட்டிலும் ஒரு சோபா உண்டு. பழைய நாடகம் ஒன்றுக்காகச் செய்து, நாடகம் படுத்த பிறகு அரங்கில் இவர்களுக்கே தூக்கிக் கொடுத்தது. அதே தச்சர், அதே கனமான மரச்சட்டம். ஒரு ஞாயிறு மாலை அவளுடைய பித்தான் டப்பா அதன் பின்னால் விழுந்து கொட்டிவிட்டது. "ஒரு முனையைப் பிடிங்க" என்றாள். இருவரும் தூக்கினார்கள். நடுக்கூடத்தில் வரும்போது மின்சாரம் போனது.

"அய்யோ, கீழ வைங்க, கீழ வைங்க" என்றாள் அவள். அவரை எங்கே நிறுத்திவிட்டோம், எதில் இடிக்கப்போகிறார் என்ற பதற்றத்தில் இரண்டடி எடுத்துவைத்தாள்.

"வைக்காத" என்றார் அவர். "அலமாரி உனக்கு இடப்பக்கம். இன்னும் கொஞ்சம் வந்தா முழங்கையில இடிக்கும். என் பக்கம் வா. இப்பத் திரும்பு. ஜன்னல் இந்தப் பக்கம்."

அவள் அப்படியே செய்தாள். சோபாவை இறக்கினார்கள். தட்டுத் தடுமாறிக் கையை நீட்டினாள். ஜன்னல் கம்பி கையில் பட்டது.

"ஏங்க."

"ம்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இருட்டில் அவர் சோபாவின் சட்டத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் நடை மரத்துல வருதுடி. நீ கால் வைக்கிறப்பெல்லாம் திம்மு திம்முன்னு என் கையில அடிக்குது. எவ்வளவு வந்தோம்னு தெரியுது. நீ திரும்புனா சட்டம் இழுக்குது, எந்தப் பக்கம்னும் தெரியுது."

"ஒட்டகத்தோட தூக்குனப்ப?"

"அவன் எங்க நடக்குறான்? வழுக்குறான். நான்தானே அப்படிப் பழக்குனேன், மறுமுனைக்கு ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு." அவர் சிரிக்கத் தொடங்கினார். பல மாதங்களுக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ யானை மாதிரி நடக்குறே!"

"யானையா? கட்டுனவளைப் பார்த்துச் சொல்ற பேச்சா இது?"

"தங்கமான யானை. இன்னொருவாட்டி தூக்கு."

மின்சாரம் வந்த பிறகும் விளக்கை அணைத்துவிட்டுத் தூக்கினார்கள். சமையலறை வாசல் வரை, திரும்ப ஜன்னல் வரை, அலமாரியைச் சுற்றி. பித்தான்கள் காலுக்கடியில் நெரிபட்டன. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டி, "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, குடி வந்துட்டிருக்கோம்" என்றார் ஆந்தை. அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் அவள் போய் மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க உடை தைக்கிறவங்க. மேடையில இருட்டுல நடந்திருக்கீங்களா?"

"இல்லை மேடம். எனக்கு எது எங்க இருக்குன்னும் தெரியாது. அது அவருக்குத் தெரியும்."

"அவருக்கு?"

"அவருக்கு அவரு எங்கன்னு தெரியாது. அதை நான் சொல்லிடுவேன்."

ஒட்டகம் நடுவில் புகுந்தான். "மேடம், என் முனையை அண்ணிக்குத் தர எனக்குச் சம்மதம். நான் கட்டிலை எடுத்துக்கறேன்." மேலாளர் கையிலிருந்த கருவியைப் பார்த்தார், அதில் ஏதோ விடை இருப்பதுபோல். "ஒருவாட்டி" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். விளக்கு அணைந்தது. அவ்வளவு இருட்டை அவள் அதுவரை உள்ளே நின்று பார்த்ததில்லை. கீழ் மேல் எதுவும் இல்லை. உள்ளங்கையில் மரச்சட்டம் மட்டும் இருந்தது, அந்தச் சட்டத்தின் மறுமுனையில் அவர் இருந்தார். அவள் குதிகாலை அழுத்தி வைத்தாள். மரம் லேசாக நடுங்கியது. முன்னாலிருந்து ஒரு இழுப்பு வந்தது, அதன் பக்கம் போனாள். இன்னொரு அடி, இன்னொரு இழுப்பு. நடுவில் ஒருமுறை அவர் நின்றுவிட்டார். அவளுக்கு உயிரே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே காலை ஓங்கி ஒருமுறை வைத்தாள். உடனே சட்டம் வலப்பக்கம் திரும்பியது. இறங்கியது.

விளக்கு வந்தது. மேலாளர் வந்து சோபாவைப் பார்த்தார். தன் செருப்பு நுனியால் ஒரு காலைத் தொட்டார். பிறகு யாரும் எதிர்பாராமல் திரும்பி நின்று, கைகளை விரித்து, அந்த நடிகையைப்போல அப்படியே பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார். சோபா அங்கேதான் இருந்தது.

"முதல் வரிசைக்குக் காலடி கேட்கும்" என்றார் படுத்தபடியே.

"இருமுறாங்களே மேடம். அதோட சேர்ந்து போயிடும்" என்றார் ஆந்தை.

"அதுவும் சரிதான்."

இப்படியாக அவள் தையல் மிஷினிலிருந்து எழுந்து தினமும் ஒரு காட்சி மாற்றத்துக்கு மேடைக்குப் போனாள். காலில் தடித்த காலுறை போட்டுக்கொண்டாள். வெளியே சத்தம் அமுங்கியது, மரத்துக்குள் போகும் அதிர்வு அப்படியே இருந்தது. ஒருநாளும் அந்த நடிகை தரையில் விழவில்லை. சில நாள் சோபா கொஞ்சம் கோணலாக இறங்கும். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டைதான்.

"நீ ரெண்டு அடியைச் சேர்த்து வச்சே."

"நீங்கதான் அவசரமா இழுத்தீங்க."

"யானைக்கு என்னடி திடீர்னு நளினம்?"

மழைக்காலம் முழுக்க அந்த நாடகம் ஓடியது, அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மழை விட்டதும் ஒரு மதியம், உடை அறையில் அவளுடைய இஸ்திரி மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், "தலை ஒரு மாதிரி இருக்கு" என்றார். இந்தமுறை அடைப்பு பெரிது. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவில்லை. அவள் இரவும் பகலும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று ஒரு நர்ஸ் கேட்டார். சும்மா என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று ஒட்டகம் உடை அறை வாசலில் கழுத்தைக் குனிந்து நின்றான். அவனுக்கு அந்தக் கதவு எப்போதும் குள்ளம்.

"அண்ணி, முன்முனைக்கு ஆள் போடலாம்னு மேடம் சொல்றாங்க. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். நீங்க வர்றீங்களா?"

"எனக்குப் பின்முனைதானேப்பா தெரியும்."

"அப்ப முன்முனை எனக்கு. அண்ணன் நின்ன இடம்." அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். "ஒருநாள் மட்டும். முடியலேன்னா விட்டுடலாம்."

போனாள். அவரோடு போன வழிதானே, கால் பழகியிருக்கும் என்று நினைத்தாள்.

காட்சி முடிந்தது. விளக்கு அணைந்தது. சபை இருமத் தொடங்கியது. சோபாவைத் தூக்கினார்கள். முதல் சில அடிகள் சரியாகத்தான் போயின. பிறகு மரத்தில் ஒன்றுமே இல்லை. அவன் பஞ்சுக்கால்காரன். அவள் கையில் இருந்த சட்டம் எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடை எங்கே, திரை எங்கே, விளிம்பு எங்கே? வெளிச்சத்தில் ஆயிரம் முறை பார்த்த அந்த இடம் முழுவதும் கலைந்து போனது. கிணற்றுக்குள் மிதந்த மாதிரி என்று அவர் சொன்னது இதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமும் வழி இருந்தது அவருக்குள். அவள் நடந்தது மட்டும்தான்.

நின்றுவிட்டாள். முன்னாலிருந்தவனும் நின்றான். சபையில் இருமல் ஓயத் தொடங்கியிருந்தது. இருட்டுக்குள் எங்கேயோ அந்த நடிகை தன் இடத்துக்கு வந்து, முதுகைத் திருப்பி நின்றிருப்பாள்.

அப்போது மரத்தில் ஒரு அடி விழுந்தது.

திம் என்று வந்தது. உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை போனது. இன்னொன்று. அந்தப் பெரிய உடம்பு, வாழ்க்கையில் ஒருநாளும் மேடையில் சத்தம் செய்யாத உடம்பு, வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி ஊன்றி நடக்கத் தொடங்கியது. சட்டம் அவளை இழுத்தது. அவள் பின்னாலேயே போனாள். தானும் அழுத்திக் கால் வைத்தாள். திரும்பினார்கள். இறக்கினார்கள். கையை எடுத்துவிட்டுத் திரை மறைவுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு மெல்ல ஏறியது.

நடிகை திரும்பிப் பார்க்காமல் சரிந்து விழுந்தாள். சபை பெருமூச்சு விட்டது.

மேலாளர் இருட்டோரமாக வேகமாக வந்தார். "யாரது யானை மாதிரி நடந்தது? மாடி வரைக்கும் கேட்டிருக்கும்!"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒட்டகம் கழுத்தை நீட்டிச் சொன்னான்:

"நான்தான் மேடம்."

மேலாளர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த கருவியை அழுத்தி நிறுத்தினார்.

"நாளைக்குக் காலுறை போட்டுக்குங்க" என்றார்.